நாற்பதாவது ஜோடி

அத்தியாயம் 6

இசக்கிராஜாவின் முன்பல் இரண்டாவது குத்தில் விழுந்தது. மூன்றாவது குத்துக்கு அங்கே பல் மிச்சமில்லாததால் உதடு கிழிந்தது.

மணிமுத்தாறு அணைக்குக் கீழே, பந்தயக் கூடாரங்களுக்கு நடுவில், லாரியின் பின்கதவோடு சைக்கிள் டியூபால் அவனைக் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் ரௌடிகள் அல்லர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். நெஞ்சில் ‘குழந்தைகளுக்காக ஓடுவோம்’ என்று அச்சடித்த மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். ‘குழந்தை’ என்ற இடத்தில் இசக்கிராஜாவின் ரத்தம் தெறித்திருந்தது.

“விடுங்கலே! செத்துத் தொலைஞ்சிருவாம்லே!” என்று கத்திக்கொண்டு நேசையா கூட்டத்துக்குள் புகுந்தார்.

நேசையாவின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. புகுவதற்குத் தோதான எடை, ஓடுவதற்குத்தான் தோதில்லை. முதுகில் இரண்டு, பிடரியில் ஒன்று வாங்கிக்கொண்டு போய், இசக்கிராஜாவின் மேல் ஒரு பீரோவைப் போலச் சாய்ந்து நின்றார். துப்பறிகிறவரின் உதவியாளனுக்கு மூளை முக்கியமில்லை, பரப்பளவு இருந்தால் போதும் என்பது பதினோரு வருட அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டது. நாலாவது அடி அவர் காதில் விழுந்தபோது லத்தி ஒன்று காற்றைக் கிழித்தது. அடித்தவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.

“இனி எவனாவது கையை ஓங்குனியோ, சாகுற வரைக்கும் ஸ்பூன்லதான் சோறு திங்கணும்,” என்றார் இன்ஸ்பெக்டர் சுடலைவடிவு. ஐந்தடி இருப்பார். அதில் நாலடி குரல். கூட்டம் விலகியது.

“காதுல ரத்தம் வருதுடா,” என்றார் பின்னாலேயே வந்த பாகீரதி.

“கேக்கல, பாகி. நாளைக்குச் சொல்லு.”

பாகீரதி, பாளையங்கோட்டையில் ஒரு டிபன் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, மாட்டாரா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் தொழில். பத்தாம் வகுப்பு டியூஷனில் நேசையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குப் பரீட்சையில் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டவரும் அவரே. முப்பது வருடமாக நேசையா அதை மன்னிக்கவில்லை. சம்பளம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

இருவரும் இங்கே வந்தது கொலையைத் துப்பறிய அல்ல. ‘பொருநை ஓட்டம்’ மூன்று நாள் பந்தயம். முதல் நாள் மலையடிவாரக் காட்டுப்பாதையில் ஓட்டம், இரண்டாம் நாள் சைக்கிள், மூன்றாம் நாள் ஆற்றில் பரிசல். முடிகிற இடம் திருநெல்வேலி குறுக்குத்துறை. பத்து அணிகள், அணிக்கு நாலு பேர். நாலில் ஒருவர் குறைந்தாலும் அந்த அணி வெளியே. வசூலாகிறதெல்லாம் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு. ஜெயித்தவர்களுக்குப் பரிசு கிடையாது. ஒரு மாலை, பேப்பரில் ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுக்காகப் போன வருடம் ஒருவர் பாதி மலையைப் பைக்கில் கடந்துவிட்டார். அதனால் இந்த வருடம் திருட்டுத்தனத்தைக் கண்காணிக்கப் பாகீரதியின் நிலையத்தை அமர்த்தியிருந்தார்கள்.

திருட்டு எதுவும் பிடிபடவில்லை. பிணம்தான் கிடைத்தது.

விடிகாலை ஐந்தரைக்கு, கால்வாய்ப் பாலத்துக்கு அடியில், குருபிரசாத் என்கிற அணித்தலைவர் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் பாறாங்கல்லை நாலைந்து முறை போட்டிருந்தார்கள். சிதறுகாய் மாதிரி என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டார். நேசையா காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியைத் தொடவில்லை. உடம்பைச் சுற்றிச் சேற்றிலும் ரத்தத்திலும் ஷூத் தடம். பந்தயத்தில் இருக்கிற நாற்பது பேருக்கும் ஒரு வள்ளல் ஒரே மாதிரி நீல ஷூ இனாமாகக் கொடுத்திருந்தார். அதே தடம்தான்.

இன்ஸ்பெக்டர் கூடாரம் கூடாரமாக ஷூக்களை எண்ணினார். செத்தவர் காலில் இருந்ததையும் சேர்த்து முப்பத்தொன்பது ஜோடி இருந்தன. நாற்பதாவது ஜோடி, கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் இசக்கிராஜாவுடையது. அதைக் காணவில்லை. முந்தின நாள் குழாயடியில் அவனும் குருபிரசாத்தும் தள்ளுமுள்ளு வேறு பட்டிருந்தார்கள். எட்டு அணிகளை ஆறரைக்குச் சைக்கிளில் அனுப்பிவிட்டு, செத்தவரின் அணியையும் இசக்கிராஜாவின் அணியையும் மட்டும் நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த இடத்தில்தான் இந்த உதை.

“நானே பார்த்தேன் மேடம்!” என்று சாய்கிருஷ்ணன் முன்னால் வந்தார். செத்தவரின் அணிக்காரர், தன்னம்பிக்கைப் பேச்சாளர், வண்ணார்பேட்டையில் மேம்பாலத்தை மறைக்கும் அளவுக்கு பிளக்ஸ் வைத்திருப்பவர். அடித்த பிள்ளைகள் அவருடைய ஓட்டப் பயிற்சி மாணவர்கள். “நேத்து மலையில எனக்கு முன்னாடிதான் இவன் ஓடினான். ரெண்டு மணி நேரம் இவன் கால்ல இருந்த நீல ஷூவையே பாத்துட்டு ஓடியிருக்கேன். இன்னைக்கு விடியக்காலம் பாலத்துலேர்ந்து ஓடினதும் அதே கால், அதே ஷூ. நான் சாகுற வரைக்கும் மறக்க முடியுமா?”

சொல்லிவிட்டு அழுதார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற அழுகை. நேசையாவுக்கே கண் கலங்கியது. அவருக்குச் சோப்பு விளம்பரத்துக்கும் கலங்கும்.

இன்ஸ்பெக்டர் இசக்கிராஜாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். “ஏலே, கடைசியாக் கேக்கேன். ஷூவ எங்கல போட்ட?”

இசக்கிராஜா ரத்தத்தைத் துப்பினான். “அத மட்டும் கேக்காதிய மேடம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கேக்காதிய. அதுக்குப் பொறவு தூக்குல போட்டாலும் சொல்லுதேன்.”

“நாளைக்கு என்னல விசேசம்?”

“எம்மவ ஸ்னேகாவுக்கு ஆப்ரேசன். அந்த வார்டுலதான் கெடக்கா. ஆறு வயசு. ஓடி முடிச்சிட்டு நேரா அங்க வாரேம்னு சொல்லியிருக்கேன்.” அவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தான். “என்னைய உள்ள மட்டும் போட்றாதிய. அவ மயக்க மருந்துக்கு மின்னாடி என்னையத்தான் தேடுவா.”

இன்ஸ்பெக்டர் அவன் தாடையை விட்டார். பிறகு பாகீரதியிடம் திரும்பினார். “பன்னெண்டு மணிக்கு வேன் வருது, அக்கா. ஏத்திட்டேம்னா நாளைக்கு இவனை எவனும் விட மாட்டான். அது வரைக்கும் உங்க மூளைக்கு டைம்.”

மணி பத்தே கால்.

மேலப்பாளையத்திலிருந்து முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் நஃபீஸத், பஞ்சும் கத்தரியுமாக இசக்கிராஜாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். “யா அல்லாஹ், நேத்து இதே ஆளுக்கு இதே எடத்துல குந்தி, ரெண்டு உள்ளங்கால்லயும் பதினோரு முள்ளு எடுத்தேன். இன்னைக்கு மூஞ்சியத் தைக்கணும். நாளைக்கு எதத் தைக்க வச்சிருக்கியோ, வாப்பா?”

“எத்தனை முள்ளு?” என்றார் பாகீரதி.

“பதினொண்ணு. எண்ணித்தான் போட்டேன். எல்லாம் ஒடைமரத்து முள்ளு.”

பாகீரதி குனிந்து இசக்கிராஜாவின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். விரலிமஞ்சள் துண்டு கோத்த கயிறு, சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டுகிற காப்பு. அதை மெதுவாகக் கீழே விட்டார்.

“நேசையா, வண்டியை எடு.”

*

நேசையாவின் ஸ்கூட்டர் இருவரையும் சுமந்துகொண்டு மலையடிவார மண்பாதையில் முனகியது.

“எங்கன போறோம்?”

“ஒரு ஜோடி செருப்பை ஒளிச்சுவைக்க நல்ல இடம் எதுடா?”

“கல்யாண மண்டப வாசல். எனக்கே ரெண்டு ஜோடி போயிருக்கு. ஒண்ணு உன் கல்யாணத்துல.”

“அந்த மாதிரி இடம்தான். ஆனா இங்கே எவனும் திருட மாட்டான்.”

நேசையாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் காட்டுக் காவல் தெய்வம் பட்டவராயனைத் தெரியாமல் இருக்காது. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் புதுச் செருப்பு வாங்கிவந்து கட்டுவார்கள். ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் வேட்டைக்குப் போவார். அடுத்த முறை வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், சேறு அப்பியிருக்கும். சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். தேயாமல் இருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

“அப்ப கொலைகாரச் செருப்பக் கொண்டுபோய்ச் சாமி செருப்போட சேத்துட்டான்னு சொல்லுத. பாகி, நாம அவனக் காப்பாத்தப் போறமா, இல்ல தூக்குக் கயிறு திரிச்சுக் குடுக்கப் போறமா?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

“பரீட்சையிலயும் இதத்தான் சொன்ன.”

மருத மரத்தடியில் கல் பீடம். மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பிகளில் நூற்றுக்கணக்கில் செருப்புகள் தொங்கின. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, ஒரு முழ நீளத்தில் சாமிக்கென்றே தைத்த வார்ச் செருப்பு. பூசாரி உச்சிக்கால பூசைக்குத்தான் வருவார். ஈ, காக்கை இல்லை.

வடக்குப் பக்கக் கம்பியைத் தாங்கும் ஆணியில் அந்த நீல ஷூக்கள் தொங்கின. நாக்கின் உட்புறத்தில் கறுப்பு மையில் பந்தய எண் 40.

நேசையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “போச்சு. இவன்தான். பாவிப்பய… அந்தச் சின்னப்பிள்ளை மயக்க மருந்துக்கு மின்னாடி யாரத் தேடும்?”

“அழாதே. வலது ஷூவைத் திருப்பு.”

திருப்பினார். அடிப்பாகத்தில் அளவுச் சீட்டு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. வரிகளுக்குள் ஒரு பொட்டு மண் இல்லை. உள்ளே விரல் விட்டால் கடையில் திணித்த காகித உருண்டை.

“இது…” என்றார் நேசையா.

“ஒரு அடி கூட நடக்காத ஷூ. ஷூ போட்ட காலிலே பதினோரு முள்ளு எப்படிடா ஏறும்? அவன் பிறந்ததுலேர்ந்து வாங்கின நல்ல ஷூ இதான். பொண்ணுக்காகச் சாமிக்குப் புதுசாவே கொடுத்துட்டு, காடு முழுக்க வெறுங்காலோட ஓடியிருக்கான்.”

“அதச் சொல்லித் தொலைக்கதுக்கென்ன? பல்லு போகுற வரைக்கும்—”

“நேர்ச்சையை வெளியிலே சொன்னா பலிக்காதுன்னு நம்பறவன் எப்படிடா சொல்லுவான்? போலீஸ்காரா ‘ஷூ எங்கே’ன்னுதான் கேட்டா. ஷூ போட்டியான்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தா அவன் கூட ஓடினவா எல்லாருமே சொல்லியிருப்பா.” பாகீரதி வலது ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “அப்போ ரெண்டு மணி நேரம் அந்த நீல ஷூவையே பாத்துண்டு மலையிலே ஓடினேன்னு ஒருத்தர் அழுதாரே, அவர் எந்த மலையிலே ஓடினார்?”

நேசையா மெதுவாக எழுந்தார்.

மலையில் ஓடிய எல்லாரும் அந்த வெறுங்காலைப் பார்த்திருப்பார்கள். ஓடாதவனுக்குத்தான் தெரியாது. ஓடாதவன் பைக்கில் வந்திருப்பான். பைக் வரக்கூடிய ஒரே வழி, மெயின் ரோட்டிலிருந்து பிரியும் மணிமுத்தாறு விலக்கு. அந்த விலக்கில் நேற்று ஒன்பதிலிருந்து பதினொன்று வரை காவலுக்கு நிறுத்தப்பட்டவர் நேசையா. அதில் நாற்பது நிமிடம் அவர் எதிரே பரோட்டாக் கடையில் இருந்தார். கொத்துப் பரோட்டா; கூட ஒரு ஆம்லெட்.

“பாகி,” என்றார். “நேத்து நான் விலக்குல—”

சொல்லி முடிக்கவில்லை. சைக்கிள் சங்கிலி ஒன்று விசிறிக்கொண்டு வந்து அவர் இடது தோளில் இறங்கியது. பனியனும் அடியில் இருந்த சதையும் சேர்ந்து கிழிந்தன. இரண்டாவது வீச்சு முழங்காலில். நேசையா பீடத்தின் மேல் மல்லாந்து விழ, கம்பி அறுந்து செருப்பு மழை பெய்தது.

“அந்த ஷூவக் குடு,” என்றான், கூடாரத்திலிருந்து நழுவி அவர்கள் பின்னாலேயே வந்திருந்த சாய்கிருஷ்ணன். மரியாதை அந்த நிமிடத்தோடு அவனை விட்டுப் போய்விட்டது. அவன் நடந்து வந்தபோது கால் ‘சளக் சளக்’ என்றது. வெயில் கொளுத்துகிற காலையில் அவன் ஷூ மட்டும் ஈரம்.

“காலையிலேயே துவைச்சிட்டியா?” என்றார் பாகீரதி.

அவன் அவர் தலைமுடியைப் பிடித்து மரத்தில் மோதினான். ஒரு முறை. பட்டையில் ரத்தம் வழிந்தது. “ஒரு பைக் சவாரிக்கா? ஒரே ஒரு சவாரிக்கா என் பேரக் கெடுப்பான்? விடிஞ்சதும் நடுவர்கிட்டச் சொல்லுவேன், நம்ம அணி விலகிரும்ங்கான்! என்னப் பாத்து எத்தன பேரு வாழ்க்கையில முன்னேறியிருக்கான், தெரியுமா?” இன்னொரு முறை மோதக் கையை இழுத்தான்.

மோதவில்லை.

நேசையா வாழ்க்கையில் யாரையும் ஒழுங்காக அடித்தது கிடையாது. கொசுவைக் கூட எச்சரித்துவிட்டுத்தான் அடிப்பார். கீழே கிடந்த குவியலில் கைக்குச் சிக்கியதை எடுத்துக்கொண்டு எழுந்தார். முதல் அடி மூக்கில் விழுந்தது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். சங்கிலி திரும்பி வந்து அவர் விரல்களில் சுற்றி இழுத்தது, அவர் விடவில்லை. இரண்டாவது அடி வாயில். சாய்கிருஷ்ணன் விழுந்தான். நேசையா தொண்ணூற்றெட்டு கிலோவோடும் அவன் நெஞ்சில் உட்கார்ந்தார்.

“இது குருபிரசாத்துக்கு,” என்றார். “இது அந்தப் பயலோட பல்லுக்கு.” அதற்கப்புறம் காரணம் எதுவும் சொல்லவில்லை. நாற்பது நிமிடப் பரோட்டாவுக்கு யாரையாவது அடித்தாக வேண்டியிருந்தது. தன்னைத்தானே அடித்துக்கொள்ள முடியாததால் அவனையே அடித்தார்.

“போதும்டா.” பாகீரதி அவர் கையைப் பிடித்தார். “நேசையா, போதும். அவனை உயிரோட வேணும்.”

நிறுத்தினார். மூச்சிரைத்தது. கையைப் பார்த்தார். கையில் இருந்தது நாற்பதாம் நம்பர் இடது கால் ஷூ. முனை உரிந்து, அடியெல்லாம் மண், பக்கவாட்டில் ரத்தம்.

“அட கடங்காரா,” என்றார் பாகீரதி, நெற்றி ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே. “சாட்சியை எடுத்துண்டே அடிச்சிருக்கியேடா.”

“கைக்கு வந்தது, தாயே.”

“நல்லவேளை, வலது என்கிட்ட இருக்கு. நேத்து விலக்குலே என்னமோ சொல்ல வந்தியே?”

சொன்னார். ஆம்லெட்டையும் விடாமல் சொன்னார்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட நீயே சொல்லு. ஆம்லெட் வேண்டாம்,” என்றார் பாகீரதி.

*

பாகீரதி போன் பண்ணி வரவழைத்த ஜீப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தது. பின்சீட்டில் தையல் போட்ட மூஞ்சியோடு இசக்கிராஜா, பக்கத்தில் காவலுக்கு நஃபீஸத். இன்ஸ்பெக்டர் சாய்கிருஷ்ணனின் ஷூவைக் கழற்றி உள்தட்டைப் பிய்த்தார். மேலே துவைத்திருந்தான், தட்டுக்கு அடியில் ஊறியிருந்த ரத்தம் போகவில்லை. அவன் கையில் விலங்கு ஏறியது.

பூசாரி சொரிமுத்து சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, சிதறிக் கிடந்த செருப்புகளைப் பார்த்து வாயைப் பொத்தினார்.

“பூசாரி, இது எப்ப வந்தது?” இன்ஸ்பெக்டர் வலது ஷூவை நீட்டினார்.

“நேத்து சாயங்காலம், வெளக்கேத்தும்போது. இந்த இசக்கிராஜா கொண்டாந்தான். நான்தான் வாங்கி மாட்டுனேன். அட்டைப்பொட்டியோட வந்துச்சு, புத்தம் புதுசு.”

கொலை இன்று விடிகாலை. இன்ஸ்பெக்டர் வலது ஷூவுக்கு ஒரு ரசீது எழுதிப் பூசாரியிடம் கொடுத்தார். “எடதுகால் எங்கக்கா?”

“அது சாமியோடது,” என்றார் பாகீரதி.

இன்ஸ்பெக்டர் நேசையாவின் வீங்கிய விரல்களைப் பார்த்தார். சாய்கிருஷ்ணனின் மூக்கைப் பார்த்தார். “சரி, சாமியோடது,” என்று பேனாவை மூடினார். “ஏலே இசக்கிராஜா, எறங்கு. சைக்கிள் ஓட்ட முடியுமால?”

“பல்லாலயா மேடம் ஓட்டுதோம்?”

“அஞ்சு தையல் போட்டிருக்கேன், வாப்பா,” என்று நஃபீஸத் தலையில் அடித்துக்கொண்டார். “வாயத் தொறந்தா பிரிஞ்சிரும்.”

அவன் இறங்கினான், ஆனால் சைக்கிளை நினைத்த மாதிரி தெரியவில்லை. நேசையாவின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்: “அண்ணாச்சி, நான் வாயத் தொறக்கலல்லா? நேர்ச்ச கெட்டுப் போயிருக்காதுல்லா? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே…”

நேசையா அவன் தோளில் கையை வைத்தார்.

“ஏய், இங்க வாங்கய்யா!” என்று மரத்தடியிலிருந்து பூசாரி கத்தினார்.

வடக்குப் பக்கத்தில், அதே பழைய ஆணியில், இடது ஷூ தொங்கியது. ஜீப் சத்தம் கேட்டதும் பயந்துபோய் நேசையாதான் அவசரமாக மாட்டிவைத்திருந்தார். முனை உரிந்திருந்தது. அடியெல்லாம் மண்.

“நேத்து என் கையால மாட்டுனேன்,” என்றார் பூசாரி, கன்னத்தில் போட்டுக்கொண்டே. “ஒரு தூசி கெடையாது. இப்பப் பாருங்க. ஒரே ராத்திரியில போட்டுட்டுப் போயிட்டு வந்திருக்காரு!”

இசக்கிராஜா கிட்டே போனான். உரிந்த முனையை ஒரு விரலால் தொட்டான். பக்கவாட்டில் உறைந்திருந்த ரத்தத்தைத் தொட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தையல் பிரிகிற மாதிரி அழுதான்.

நேசையா வாயைத் திறந்தார். பாகீரதி அவர் காலை மிதித்தார்.

“சாமி எவனையோ போட்டு மிதிச்சிருக்காரு, அண்ணாச்சி,” என்றான் இசக்கிராஜா.

நேசையா வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“ஆமா வே,” என்றார். “நல்லா மிதிச்சிருக்காரு.”